ஹம்பியில் இரு நாள்

பங்குனித் திங்கள் பிறந்துவிட்டால் நம் பொம்மசந்திரா வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஊருக்குப் போவதைப் பற்றியே பேச்சு நிகழும். பிள்ளைகளின் தேர்வுகள் முடியுங் காலம். யுகாதியை ஒட்டித் தொழிற்சாலைகளிலும் ஓரிரு நாள் ஓய்வு கிடைக்கும். ஓசூர்ச் சாலையிற் செல்லும் பேருந்துகள் அத்திப்பள்ளி எல்லையை நோக்கி நிரம்பி வழியும். பெற்றோரையும் உற்றாரையும் காணச் செல்வதை எவரும் குறை கூறார். ஆயினும், பிழைப்பு நாடி வந்த இந்நாட்டில் இருபது ஆண்டு, முப்பது ஆண்டு வாழ்ந்தும், இந்நாட்டின் பெருமைக்குரிய இடம் ஒன்றையேனும் பிள்ளைகளோடு சென்று காணாதவர் நம்மிற் பலர். அவர்களை எண்ணியே இத்திங்கள் ஹம்பியைப் பற்றி எழுதத் துணிந்தேன்.

மேனாட்டார் இளவேனிற் காலம் வந்ததும் தென் இத்தாலிக்குச் செல்வர். அங்கே கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியசு எரிமலை கக்கிய சாம்பலில் மூழ்கிய பொம்பெயி நகரைக் காண்பர். வீதிகளும் வீடுகளும் அடுப்பிலிருந்த ரொட்டியுங்கூட அங்கே கரிந்த நிலையில் அகப்பட்டன. 1938ஆம் ஆண்டில் அந்நகரின் வீடொன்றிலிருந்து யானைத் தந்தத்தாற் செய்த இந்தியப் பெண்ணுருவம் ஒன்றும் கிடைத்தது. அதனை முதலில் திருமகள் என்றனர். இயக்கி வடிவம் என்பாரும் உளர். நம் நாட்டுக் கைவினைப் பொருளொன்று கடல் கடந்து சென்று எரிமலைச் சாம்பலில் உறங்கிய செய்தி வியப்பிற்குரியதே. ஆனால் அத்தகைய காட்சிக்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. ஓர் இரவு இரயிற் பயணத்தில் நாம் அடையக்கூடிய தொலைவில், பொம்பெயியினும் பன்மடங்கு பரந்த பாழ்நகர் ஒன்று கிடக்கின்றது.

சென்ற ஆண்டு பங்குனியில் நம் வட்டாரத்துக் குடும்பங்கள் சிலவற்றோடு யானும் அங்குச் சென்றேன். முதற்கண் வழியைக் கூறிவிடுகிறேன். 2025ஆம் ஆண்டு ஆகத்து முதல் பொம்மசந்திராவிலிருந்தே மெட்ரோ இரயில் ஓடுகின்றது. ராஷ்ட்ரீய வித்யாலயா சாலை நிலையத்தில் மாறி மெஜஸ்டிக் சென்றால், அருகிலேயே பெங்களூர் நகர இரயில் நிலையம். அங்கிருந்து இரவிற் புறப்படும் ஹம்பி விரைவு வண்டி காலையில் ஒசப்பேட்டையிற் கொண்டுபோய் விடும். அவ்வூரிலிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். பேருந்தும் ஆட்டோவும் தாராளமாக உண்டு.

இரயிலில் பிள்ளைகள் உறங்காமல் ஆரவாரம் செய்யவே, அவர்களுக்கு ஒரு சொல் விளையாட்டைக் கற்பித்தோம். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பலவற்றைக் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்கக் காணலாம். பால் ஹாலு ஆகும். பத்து ஹத்து ஆகும். புலி ஹுலி ஆகும். பல் ஹல்லு ஆகும். நம் பள்ளிப் பெயர்கொண்ட ஊர்களின் உறவே இங்குள்ள ஹள்ளிகள். பழைய கன்னடத்தில் இவையும் பகரத்திலேயே தொடங்கின. புது என்னும் நம் சொல்லுக்கு உறவான கன்னடச் சொல் ஹொச. ஆகவே ஓசூர் என்பது நம் புதூர். ஒசப்பேட்டை என்பது நம் புதுப்பேட்டை. இவ்விதி தெரிந்ததும் பிள்ளைகள் தாமே சொற்களைத் தேடத் தலைப்பட்டனர். இறுதியில் ஒரு சிறுமி, “அப்படியானால் ஹம்பி என்பது தமிழில் என்ன?” என்று வினவினாள். நல்ல வினா. துங்கபத்திரை ஆற்றுக்குப் பம்பை என்பது பழம் பெயர். பம்பை என்னும் அச்சொல்லே கன்னடத்தில் ஹம்பெ என்றும் ஹம்பி என்றும் மருவிற்று. இராமகாதையில் வரும் பம்பையும் கிட்கிந்தையும் இவ்விடமே என்பது மரபு. ஆற்றின் அக்கரையில் உள்ள குன்றை அனுமன் பிறந்த அஞ்சனாத்திரி என்றே மக்கள் வழிபடுகின்றனர்.

இனி நகரின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1336ஆம் ஆண்டில் அரிகரர், புக்கர் என்னும் உடன்பிறந்தார் இருவர் இவ்விடத்தில் விசயநகர அரசுக்கு அடிகோலினர் என்பர். அடுத்த இரு நூற்றாண்டுகளில் அவ்வரசு துங்கபத்திரை முதல் குமரிமுனை வரை பரந்தது. 1420ஐ ஒட்டி இத்தாலிய நாட்டு வெனிசு நகரத்தவரான நிக்கோலோ கோண்டி இங்கு வந்தார். 1443இல் பாரசீக மன்னரின் தூதர் அப்துர் ரசாக் வந்தார். கிருட்டிணதேவராயர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. அக்காலத்தில், 1520ஐ ஒட்டி வந்த போர்த்துக்கேசியர் தொமிங்கோ பாயெசு, இந்நகர் உரோமாபுரியைப் போன்று பெரிதாகத் தோன்றியது என்று எழுதி வைத்தார். நாம் வாழும் பெங்களூரும் இவ்வரசின் நிழலில் எழுந்த ஊரே. 1537ஆம் ஆண்டில் இதற்குக் கோட்டை கட்டிய கெம்பெ கௌடர் விசயநகரத்துக்கு உட்பட்ட குறுநிலத் தலைவர்.

1565ஆம் ஆண்டு சனவரியில் தலைக்கோட்டைப் போர் நிகழ்ந்தது. விசயபுரம், அகமதுநகரம், கோல்கொண்டா, பீதர் ஆகிய நான்கு சுல்தானியங்களின் படைகள் ஒன்றுகூடின. விசயநகரத்தை உண்மையில் நடத்திவந்த இராமராயர் களத்தில் மடிந்தார். அவர் தம்பி திருமலர் பொன்னையும் பொருளையும் யானைகளில் ஏற்றிக்கொண்டு பெனுகொண்டாவுக்குச் சென்றார். காவலற்ற நகரம் பல திங்கள் கொள்ளையிடப்பட்டது, எரியூட்டப்பட்டது. இதனைச் சமயப் போர் என்று மட்டும் கூறி முடித்தல் பொருந்தாது. எதிரணியில் நின்ற கோல்கொண்டா இப்ராகிம் குதுப்சா, இளமையில் இராமராயரிடமே அடைக்கலம் புகுந்து பல்லாண்டு வாழ்ந்தவர். விசயநகரப் படையிலும் முசுலிம் வீரர் பலர் இருந்தனர். 1439இல் அகமதுகான் என்னும் அதிகாரி கட்டிய தொழுகையிடம் இன்றும் பாழ்நகரினுள் நிற்கின்றது. அரசர்களின் பகையும் ஆசையும் கூடி ஒரு பெருநகரைத் தின்றன என்பதே உண்மை. பொம்பெயியை அழித்தது மலை. ஹம்பியை அழித்தவர் மனிதர்.

1986இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் ஹம்பியை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிற் சேர்த்தது. 1,600க்கும் மேற்பட்ட எச்சங்கள் இங்கு உள்ளனவாம். இரண்டு நாளில் அனைத்தையும் காண இயலாது. யாம் கண்டவற்றுள் எம் நெஞ்சில் தங்கிய சிலவற்றை மட்டும் இணையிணையாகக் கூறுகிறேன். அவற்றை அவ்வாறு வைத்து நோக்கியபோதுதான் ஓர் உண்மை புலனாயிற்று.

முதல் இணை, இரண்டு கோயில்கள். விட்டலர் கோயில் விசயநகரச் சிற்பக் கலையின் முடிமணி. அதன் முற்றத்தில் நிற்கும் கல்தேரை நீங்கள் அனைவரும் பார்த்திருக்கிறீர்கள். புதிய ஐம்பது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருப்பது அதுவே. தேர் வடிவில் அமைந்த கருடன் சந்நிதி அது. தட்டினால் இசை எழுப்பும் தூண்கள் அங்குள்ள பெருமண்டபத்தில் உள்ளன. இப்பொழுது அவற்றைத் தட்டுதல் தடுக்கப்பட்டுள்ளது, அது முறையே. குதிரைமேல் வீரர் பாயும் தூண்களைக் கண்டதும், எங்களுடன் வந்த வேலூர்த் தாயார் ஒருவர், “இது எங்கள் கோட்டைக் கோயில் கலியாண மண்டபத்துத் தூண் அல்லவா!” என்று வியந்தார். உண்மைதான், அதுவும் விசயநகர காலத்து வேலையே. ஆனால் இத்துணை அழகும் சூழ்ந்த கருவறையினுள் எட்டிப் பார்த்தால் இருள் ஒன்றே உண்டு. தெய்வத் திருமேனி இல்லை. விளக்கு இல்லை. பூவின் மணமும் இல்லை.

அங்கிருந்து ஆற்றங்கரை வழியே மேற்கில் சென்றால் விருபாக்கர் கோயில். சிற்ப நுட்பத்தில் அது விட்டலர் கோயிலுக்கு நிகராகாது. ஆனால் விசயநகரம் தோன்றுவதற்கு முன்பே அங்கு வழிபாடு இருந்தது. நகரம் அழிந்த பின்னும் இருந்து வருகின்றது. கிருட்டிணதேவராயர் முடிசூடிய நினைவாக 1510இல் எழுப்பிய மண்டபத்தில் இன்றும் திருமணங்கள் நடைபெறுகின்றன. சுமார் 50 மீட்டர் உயரமுள்ள கீழைக் கோபுரம் ஒன்பது நிலை கொண்டது. கோயிலின் பின்பகுதியில் ஓர் இருட்டறை உண்டு. அதன் சுவரிலுள்ள சிறு துளைவழியே ஒளி புகுந்து, அக்கோபுரத்தின் உருவை எதிர்ச் சுவரில் தலைகீழாகக் காட்டுகின்றது. பாடநூலில் ஊசித்துளைக் கருவியைப் படித்திருந்த பிள்ளைகள் அதனை விட்டு நகர மறுத்தனர். சித்திரையை ஒட்டி நிகழும் தேர்த்திருவிழாவுக்கு நாட்டுப்புற மக்கள் வண்டி வண்டியாக வருகின்றனர். ஒரே ஊரில், ஒரே பகைவர் படையெடுப்பைக் கண்ட இரு கோயில்களுள் ஒன்று கண்காட்சியாக நிற்கின்றது. மற்றொன்று கோயிலாகவே வாழ்கின்றது.

இரண்டாவது இணை, அரண்மனையும் வாய்க்காலும். அரசர் உறைந்த பகுதியில் தாமரை மகாலும், பதினொரு கூடங்களையுடைய யானைக் கொட்டிலும், நவராத்திரி விழாவை அரசர் அமர்ந்து கண்ட மகாநவமி மேடையும் காணத் தக்கவை. ஆயினும் அரசர் குடியிருந்த மாளிகை எங்கே என்று கேட்டால், வழிகாட்டி தரையைக் காட்டுகிறார். கல்லால் ஆன அடித்தளம் மட்டும் உள்ளது. மேலே மரமும் செங்கல்லும் சுண்ணமுமாக எழுந்த மாடங்களில் ஒன்றும் எஞ்சவில்லை. ஆனால் அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் வாழைத் தோட்டமும் நெல்வயலும் கண்ணைக் குளிர்விக்கின்றன. விசயநகர மன்னர்கள் துங்கபத்திரையின் குறுக்கே கல்லணைகள் கட்டி வாய்க்கால்கள் வெட்டினர். பாழடைந்த நகரின் நடுவே செல்லும் துருத்துக் கால்வாய் அவற்றுள் ஒன்று. 1953இல் ஒசப்பேட்டை அருகே துங்கபத்திரைப் பெரிய அணை கட்டப்பெற்ற பின்னரும் அப்பழைய வாய்க்கால்களில் நீர் ஓடி வயல்களுக்குப் பாய்கின்றது. மன்னர் உறங்கிய கட்டில் இருந்த இடம் தெரியவில்லை. மன்னர் வெட்டிய வாய்க்காலில் உழவர் காலையில் மடை திறக்கின்றார்.

இவ்விடத்தில் இடையில் ஒன்று கூற வேண்டும். அரசர் பகுதியில் படிக்கட்டுகளோடு கூடிய அழகிய குளம் ஒன்றை 1980களில் தொல்லியல் துறையினர் மண்ணை அகற்றி வெளிப்படுத்தினர். ஹம்பியின் கட்டடங்கள் பெரும்பாலும் கருங்கற்பாறையால் ஆனவை. இக்குளமோ மெருகேறிய கரும்பச்சை மாக்கல்லால் ஆனது. ஒவ்வொரு கல்லிலும் அது எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில் பொருந்த வேண்டும் என்பதைக் குறிக்கும் அடையாளங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. வேறிடத்தில் செதுக்கி, குறியிட்டுக் கொண்டுவந்து, இங்கே இடம் பிசகாமல் அடுக்கியிருக்கின்றனர். எங்களுடன் வந்தவர்களுள் பலர் இயந்திரத் தொழிலாளர். உறுப்புக்கு உறுப்பு எண் பொறித்துக் கோக்கும் வேலையை நாளும் செய்பவர்கள். அவர்கள் அக்குறிகளைக் குனிந்து நோக்கி, தம் தொழிலின் முன்னோரைக் கண்டவர்போல் வெகுநேரம் நின்றனர்.

மூன்றாவது இணை, பாலமும் பரிசலும். விட்டலர் கோயிலின் அருகே ஆற்றங்கரையில் நின்றால், நீரின் நடுவே கருங்கல் தூண்கள் வரிசையாக நிற்கக் காணலாம். ஆனைகுந்தி செல்ல அக்காலத்தில் அமைந்த பாலத்தின் கால்கள் அவை. கால்கள் மட்டும் நிற்கின்றன, பாலம் இல்லை. அப்பகுதியில் வட்டமான பரிசல்கள் ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. பாயெசு தம் குறிப்பில் இதே பரிசலை எழுதியிருக்கிறார். கூடைபோல் வட்டமானது, உள்ளே பிரம்பு, வெளியே தோல் என்பது அவர் வருணனை. இன்று தோலுக்கு மாறாக வேறு பொருள் வேய்கின்றனர், வடிவம் மாறவில்லை. ஒக்கேனக்கலில் நாம் ஏறும் பரிசலும் இதுவே. ஐந்நூறு ஆண்டுக்கு முன் ஓர் ஏழைப் படகோட்டி முடைந்த கலம், அரசர் கட்டிய பாலத்தினும் நெடுநாள் நிலைத்துவிட்டது.

பாலத்துக்கு அண்மையில் ஆற்றோரமாகப் புரந்தரதாசர் மண்டபம் என்னும் எளிய கல்மண்டபம் உள்ளது. அப்பெரியார் அங்கு அமர்ந்து பாடினார் என்பது மரபு. அவர் மறைந்தது 1564 என்பர். அதாவது போருக்கு முந்திய ஆண்டு. இசை பயிலும் பிள்ளைகளுக்கு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை முதலான அடிப்படைப் பாடங்களை வகுத்துத் தந்தவர் அவரே என்று கருநாடக இசையுலகம் போற்றுகின்றது. எங்களுடன் வந்த சிறுமியர் இருவர் பாட்டு வகுப்பிற்குச் செல்பவர்கள். இவ்வரலாற்றைக் கூறியதும் அவர்கள் அம்மண்டபப் படியில் அமர்ந்து தாமாகவே சரளி வரிசையைப் பாடினர். கன்னட நாட்டுப் பெரியார் வகுத்ததாகப் போற்றப்படும் பாடம் மயிலையிலும் மதுரையிலும் தமிழ் வீடுகளில் நாளும் ஒலிக்கின்றது. அவர் வாழ்ந்த நகரத்தில் ஒரு கூரைகூட எஞ்சாத வீதிகள் உள்ளன.

இவ்விணைகளை ஒருங்கே நோக்குங்கள். அழிந்தவையும் வாழ்பவையும் ஒரே காலத்தவை. வாழ்பவை வலிமை மிக்கவை என்று கூற முடியுமா? கருங்கல் பாலத்தினும் பிரம்புக் கூடை வலிதா? இல்லை. நாள்தோறும் எவரேனும் ஒருவர் எடுத்துப் பயன்படுத்தியவை வாழ்ந்தன. விளக்கேற்ற ஆள் வந்த கோயில் வாழ்ந்தது. மடை திறக்க உழவர் வந்த வாய்க்கால் வாழ்ந்தது. ஏறிக் கடக்க மக்கள் வந்த பரிசல் வாழ்ந்தது. பாடுவதற்குப் பிள்ளைகள் கிடைத்த பாடம் வாழ்ந்தது. எவரும் தொடாமற் போனவை எத்துணை அழகாயினும் இடிபாடாயின.

இதனை நம் குடும்பங்களுக்கு ஏன் கூறுகிறேன் என்பதற்கு அப்பயணத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். எங்களுடன் வந்தவருள் கிருட்டிணகிரிப் பக்கத்தைச் சேர்ந்த ஒரு தொழிலாளர், தம் மனைவியோடும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனோடும் வந்தார். பொம்மசந்திராவில் ஒரு பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடைசல் வேலை. விருபாக்கர் கோயில் வாயிலில் கன்னடத்தில் எழுதியிருந்த அறிவிப்பை அவர் நிமிர்ந்து பார்த்தபடி நின்றார். மகன் அதனை மளமளவென்று படித்து, “அப்பா, கோயில் நடை எப்போது சாத்துவார்கள் என்று போட்டிருக்கிறது” என்று தமிழிற் கூறினான். தந்தையார் முகத்தில் பெருமிதம் தோன்றியது. அன்று மாலை தங்குமிடத்தில் தந்தையார் தம் பையிலிருந்து நம் சங்கத்தின் திங்களிதழை எடுத்து மகனிடம் நீட்டி, “இதிலே உன் மாமா எழுதின கட்டுரை வந்திருக்கிறது, படி” என்றார். மகன் அட்டைப் படத்தைப் பார்த்தான், ஏடுகளைப் புரட்டினான், பின்பு மெல்ல, “நீங்களே படித்துச் சொல்லுங்கள் அப்பா” என்றான். தந்தையார் படித்தார். மகன் விருப்பத்தோடுதான் கேட்டான். ஆனால் அங்கிருந்த பெரியவர் எவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒரே வீட்டில் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. ஒன்று தந்தையிடம், மற்றொன்று மகனிடம். தந்தைக்குத் தாம் இருபத்திரண்டு ஆண்டு உழைத்த நாட்டின் எழுத்துத் தெரியாது. மகனுக்குத் தன் பாட்டனாரின் எழுத்துத் தெரியாது. பேச்சு மட்டும் இருவரையும் பிணைத்திருக்கின்றது. மகனின் பிள்ளைக்கு அப்பேச்சும் எஞ்சுமா என்பது ஐயத்திற்குரியது. இந்நிலை அவ்வொரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. நம் தெருவில் பத்து வீட்டுக் கதவைத் தட்டினால் பெரும்பாலான வீடுகளில் இதுவே நிலை. ஆண்டுக்கு ஒரு முறை பொங்கல் விழாவில் மேடையேற்றித் தமிழைப் போற்றுகிறோம். கைதட்டுகிறோம். மறுநாள் தொட்டு அதனை எவரும் எடுப்பதில்லை. இது விட்டலர் கோயிலின் வழி. அழகுக்குக் குறைவில்லை, உள்ளே விளக்கு இல்லை.

இங்கே சிலர், “கன்னட நாட்டில் வாழ்ந்துகொண்டு தமிழ் தமிழ் என்றால் பிழைப்பது எப்படி?” என்பர். வேறு சிலர், “தமிழராய்ப் பிறந்து கன்னடம் ஏன் கற்க வேண்டும்?” என்பர். இரு சாராருக்கும் விசயநகரமே விடை கூறும். அவ்வரசின் கல்வெட்டுகள் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் வடமொழியிலும் உள்ளன. கன்னட நாட்டில் அரியணையில் இருந்த கிருட்டிணதேவராயர், திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் வரலாற்றைப் பொருளாகக் கொண்டு ஆமுக்தமால்யதா என்னும் காவியத்தைத் தெலுங்கில் இயற்றினார். சிதம்பரத்தின் வடக்குக் கோபுரமும் காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலின் பெரிய கோபுரமும் அவர் பெயரைக் கூறுகின்றன. ஹம்பியிலேயே விட்டலர் கோயிலை ஒட்டிய பகுதியில் நம் திருமங்கையாழ்வாருக்கு ஒரு கோயில் உண்டு.

மக்கள் இடம் பெயர்வதும் அக்காலத்தில் பெருவழக்கே. விசயநகரப் படையோடும் நாயக்கர் ஆட்சியோடும் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் செஞ்சிக்கும் தஞ்சைக்கும் மதுரைக்கும் வந்து குடியேறின. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் தமிழ்நாட்டு ஊர்களில் வாழ்கின்றனர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவர். வெளியில் தமிழராகவே உழைப்பர், எழுதுவர், பாடுவர். ஒன்றுக்காக மற்றொன்றை அவர்கள் உதறிவிடவில்லை. அன்று அவர்கள் தெற்கே வந்தனர்; இன்று நாம் இங்கே வந்திருக்கிறோம். அவர்களால் முடிந்தது நம்மாலும் முடியும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். முதற்கால் மணி பிள்ளை ஆசிரியர். தந்தையும் தாயும் மாணவர். கன்னட எழுத்துகளைப் பிள்ளை கற்பிக்கட்டும். அடுத்த கால் மணி பெற்றோர் ஆசிரியர், பிள்ளை மாணவன். தமிழ் எழுத்துகளை அவர்கள் கற்பிக்கட்டும். பெரிய நூல் எதுவும் வேண்டா. மளிகைக் கணக்கைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஊரிலுள்ள பாட்டிக்குக் கைப்பேசியில் தமிழ் எழுத்தில் இரண்டு வரி அனுப்பச் சொல்லுங்கள். கடைப் பலகையையும் பேருந்தின் பெயரையும் கன்னடத்தில் பெற்றோர் படித்துக் காட்டட்டும். யாம் இரயிலில் விளையாடிய பகர ஹகர விளையாட்டை வீட்டிலும் விளையாடலாம். பயன்பாட்டில் இருக்கும் மொழிக்கு விழா எடுக்க மறந்தாலும் கேடில்லை.

தாய்மார்கள் இதில் முன்னிற்பர் என்பது என் நம்பிக்கை. பரிசலோட்டியிடம் கட்டணம் பேசிக் குறைத்தவர், மேற்சொன்ன கடைசல் தொழிலாளரின் மனைவியாரே. காய்கறிச் சந்தையிலேயே கற்ற கன்னடம் அது. இலக்கணப் பிழை இருந்திருக்கலாம். ஆனால் பரிசலோட்டி மகிழ்ந்து, தன் மகளின் திருமணச் செய்தி வரை அவரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். எழுத்தறிந்த எம்மிடம் அவர் அவ்வளவு பேசவில்லை.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். பங்குனியில் ஹம்பிப் பாறைகள் பகலில் அனல் வீசும். விடியற்காலையில் புறப்பட்டு பதினொரு மணிக்குள் திரும்பிவிடுக; மாலை நான்குக்கு மேல் மீண்டும் செல்க. குடிநீரும் மோரும் உடன் இருத்தல் வேண்டும். முதல் நாள் உணவுக்குப் புளியோதரை கட்டிச் செல்வது நலம். இரண்டாம் நாள் அவ்வூர்ச் சோள ரொட்டியை உண்டு பாருங்கள். முதல் நாளில் விருபாக்கர் கோயில், 1528இல் ஒரே கல்லில் வடித்த 6.7 மீட்டர் உயர நரசிங்கர், அரசர் பகுதி ஆகியவற்றைக் காணலாம். இரண்டாம் நாளை விட்டலர் கோயிலுக்கும் ஆற்றுக்கும் வைத்துக்கொள்க. சுவர்களிற் பெயர் கிறுக்காதிருக்கப் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லி வையுங்கள். ஆற்றில் நீர் மிகுந்த நாளில் பரிசலேற வேண்டா. ஓட்டியே மறுத்தால் வற்புறுத்தவும் வேண்டா.

நம் ஊர்ப் பெயரிலுள்ள சந்திரா என்பது சமுத்திரம் என்னும் சொல்லின் திரிபு என்பர்; இப்பக்கத்தில் ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயரிடுதல் பழைய வழக்கு. ஏரி வெட்டியவர் பெயரை இன்று நாம் அறியோம். ஆயினும் அவர் வெட்டிய ஏரியின் பெயரே நாளும் நம் முகவரியில் எழுதப்படுகின்றது. அம்முகவரியைத் தமிழிலும் கன்னடத்திலும் பிழையின்றி எழுதத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இருந்தால், இச்சங்கம் தொடங்கிய நோக்கம் பெரும்பகுதி நிறைவேறியதாகக் கருதலாம். வரும் பங்குனிக்குள் அவ்வாறு எழுதப் பழகிய பிள்ளைகளின் கையெழுத்தை நம் இதழுக்கு அனுப்புங்கள். இப்பகுதியிலேயே மகிழ்வுடன் வெளியிடுவோம்.